கமிட்டி தேர்ந்தெடுத்த வீரன்

"கொஞ்சமாச்சும் வெட்கம் இருக்கா பாரு! முன் வரிசையில வந்து உட்கார்ந்திருக்கா."

அழகம்மா மெதுவாகத்தான் சொன்னாள். அவள் மெதுவாகச் சொன்னால் மூன்று லயத்து வீடுகளுக்குக் கேட்கும்.

எல்லோரும் மருதம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடை என்றால் நாலு மரப்பெட்டி மேல் ஒரு பலகை. அதில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும் கமிட்டித் தலைவருமான தர்மலிங்கம் நின்றார். பக்கத்து நாற்காலியில் ஒரு ஜப்பானிய அதிகாரி. தமிழ் புரியாததால், கொட்டாவியை மறைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

வீரவணக்கக் கூட்டம்.

மலாயாவில் லூனாஸ் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய ராணுவத்துக்குப் போனவர்கள் இரண்டே பேர். இராசாத்தியின் புருஷன் வீரசாமி, மருதம்மாளின் புருஷன் அம்மாசி. இரண்டு பேருமே பர்மா எல்லைச் சண்டையில் இறந்துவிட்டார்கள் என்று போன மாதம் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது.

ஒருவர், அடிபட்ட மூன்று பேரைக் குண்டு மழைக்கு நடுவே முதுகில் தூக்கி வந்து, நாலாவது ஆளைத் தூக்கப் போனபோது இறந்தார். மற்றவர், துப்பாக்கியை எறிந்துவிட்டு ஓடும்போது சுடப்பட்டார்.

யார் எவர் என்றும் எழுதித்தான் இருந்தார்கள். பெயர் இருந்த இடத்தில் மழை பட்டு, ஊதா மை பரவியிருந்தது.

தர்மலிங்கம் கண்ணாடி போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கமிட்டியைக் கூட்டினார்.

கமிட்டிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வீரசாமி ஆறடி உயரம், முறுக்கு மீசை, பெயரிலேயே வீரம். அம்மாசி ஒல்லிக்குச்சி. வேலை வாங்கும் தண்டல் அதட்டினாலே பால் வாளியை நழுவ விடுகிற ஆள்.

"இவனாவது மூனு பேரைத் தூக்கறதாவது! இவனைத்தான் நாலு பேர் தூக்கணும்லா," என்றார் ஒரு மெம்பர்.

சிரிப்போடு தீர்மானம் நிறைவேறியது.

அன்றிலிருந்து இராசாத்தி வீரனின் மனைவி. ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்னும் காலத்தில், அவள் வீட்டுக்கு மட்டும் கமிட்டியிலிருந்து வாரா வாரம் அரிசி வந்தது.

மருதம்மாள் ஓடினவன் பெண்டாட்டி. குழாயடியில் அவள் வாளியை வைத்தால் மற்றவர்கள் தங்கள் வாளியை எடுத்துக்கொண்டார்கள். வீரம் யாருக்கும் தொற்றுவதில்லை. கோழைத்தனம் மட்டும் தொற்றிவிடும் போலிருக்கிறது.

மேடையில் தர்மலிங்கம் 'ரத்தம்' என்ற சொல்லை ஏழாவது முறையாகச் சொன்னார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்க லாரி வந்த அன்று, அவருடைய மகனுக்கு மலேரியா. லாரி கிளம்பியதும் காய்ச்சல் இறங்கிவிட்டது.

"புக்கிட் செலம்பாவ் தோட்டத்துப் பிச்சை இன்று நம்மிடையே வந்திருக்கிறார்! அதே சண்டையில் வலது கையை இழந்தவர். நம் வீரசாமியின் வீரத்தை அவர் வாயாலேயே கேட்போம்!"

அந்தப் பிச்சையிடம் முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாமே என்று கமிட்டியில் யாருக்கும் தோன்றவில்லை. தீர்மானம்தான் நிறைவேறிவிட்டதே!

பிச்சை எழுந்தான். வாயைத் திறந்தான், மூடினான். மருதம்மாள் இமைக்காமல் அவனையே பார்த்தாள்.

"மூனு பேரைத் தூக்கிட்டு வந்தார்," என்றான் கடைசியில். "அதிர்ந்து பேசாத மனுஷன். போதும், போகாதீங்கன்னு கத்தினோம். 'அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே'ன்னுட்டுப் போனார். திரும்பி வரல."

நிறுத்தினான். தலையைக் குனிந்துகொண்டு, "வீரசாமி அண்ணன்," என்று முடித்தான்.

தோட்டமே விம்மியது. தர்மலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்தார். அதிகாரி கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு முறை துடைத்தார். வீரசாமி பெயர் எழுதிய பலகைக்கு மாலை போட்டார்கள். இராசாத்திக்குப் புதுச் சேலை கொடுத்தார்கள்.

மருதம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"இதென்ன நடிப்பு! ஓடினவன் பெண்டாட்டிக்கு இங்க என்ன ஒப்பாரி?" என்றாள் அழகம்மா. இந்த முறை சத்தமாகவே.

கூட்டம் கலைந்த பிறகு, ஸ்டோர் கொட்டகைக்குப் பின்னால் பிச்சை மருதம்மாளை நிறுத்தினான்.

"அக்கா, முந்தாநாள் உங்ககிட்ட உண்மையச் சொன்ன கையோட கிராணிகிட்டயும் சொல்லியிருக்கணும். உங்க பேச்சைக் கேட்டது தப்பு. அந்த மூனு பேர்ல ஒருத்தன் நான். அம்மாசி அண்ணன் முதுகுல கிடந்து உயிர் பிழைச்சவன், மேடையேறி வேற பேரைச் சொல்லிட்டேன்."

"மெதுவாப் பேசு தம்பி."

"இப்பவே போய்ச் சொல்லிடறேன்க்கா."

"சொன்னா அரிசியை நிறுத்திடுவாங்க. இராசாத்திக்கு நாலு பிள்ளைங்க. சின்னது எலும்பும் தோலுமாக் கிடந்துச்சு. இப்பத்தான் கஞ்சி குடிச்சு எழுந்து நடக்குது. நான் ஒண்டிக்கட்டை, எனக்குக் கிழங்கு போதும்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவ தொண்டையில சோறு இறங்காது."

பிச்சை இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"சரிக்கா. ஆனா இந்தக் கூட்டத்துக்கு நீங்க வராமலாவது இருந்திருக்கலாம். என்னென்ன பேசறாங்க!"

"அதெப்படி தம்பி?" என்றாள் மருதம்மாள். "என் புருஷன் செத்ததுக்கு இந்தத் தோட்டமே கூடி அழுவுது. நான் வராம இருப்பேனா?"