திங்கட்கிழமை பார்க்கலாம்

ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடந்தது.

அவள் பொறுப்புத் தலைமையாசிரியை ஆகிப் பத்து நாள். எது எந்த டிராயரில் இருக்கிறது என்பதே இன்னும் பிடிபடவில்லை.

மேசைமேல் ஜெசிந்தா டீச்சரின் கடிதம். பெறுநர், மாவட்டக் கல்வி அலுவலர். வழி, தலைமையாசிரியர். வேறு பள்ளிக்கு மாற்றல் வேண்டும்.

கடிதத்தில் எழுதாத காரணத்தை நேரில் கொட்டிவிட்டுப் போயிருந்தாள். லீவு போட்டவர்களின் வகுப்புக்கெல்லாம் இந்த வாரம் அவளைத்தான் அனுப்பியிருக்கிறது. ஓய்வு பீரியட் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெள்ளிக்கிழமையான இன்றைக்கும் விடவில்லை. கடைசி பீரியட், எட்டாம் வகுப்பு பி பிரிவு.

“இன்னைக்கே அனுப்பிடுங்க டீச்சர்.”

கையெழுத்துப் போட்டாயிற்று. முத்திரை விழுந்தால் நாலு மணித் தபாலில் போய்விடும். பொதுத்தேர்வுக்கு நாலே மாதம். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த வேறு ஆள் கிடையாது.

அது கிடக்கட்டும். ஜெசிந்தா சிரிக்காத ஸ்டாஃப் ரூமை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் தடுக்க முடியுமா? போன மாதம் ஓய்வு பெற்ற ஹெச்.எம். தணிகாசலம் சார் யார் கடிதத்தையும் தடுத்ததில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்வார். மேலே அனுப்பியாச்சும்மா என்பார். அவ்வளவுதான் அவருடைய நிர்வாகம். பதிலே வராது. எல்லோரும் மாவட்ட அலுவலகத்தைத் திட்டுவார்கள். அவளும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறாள்.

வேறு பேடு தேடிக் கீழ் டிராயரை இழுத்தாள். வரவில்லை. காலால் ஓர் உதை விட்டாள். வந்தது.

பேடு இல்லை. கடிதங்கள்.

மேலே இருந்தது அவளுடையது.

அதற்குக் கீழே இருந்ததும் அவளுடையது.

ஏழு வருடத்தில் மூன்று தடவை மாற்றல் கேட்டிருந்தாள். மூன்றும் இங்கேயே குடியிருந்தன.

அட மனுஷா!

கோபம்தான் முதலில் வந்தது. ஒன்றைத் திருப்பினாள். பின்பக்கம் பென்சிலில் அவருடைய கோழிக்கிறுக்கல்.

‘திங்கட்கிழமை பார்க்கலாம். மறுபடி கேட்டால் அன்றே அனுப்ப வேண்டும்.’

மூன்றிலும் அதே வரி.

அவள் மறுபடி கேட்டதே இல்லை. கடிதம் கொடுத்த கையோடு எப்படியோ வேலை குறைந்துவிடும். சப்ஸ்டிடியூஷன் நோட்டில் அவள் பெயரை அடித்துவிட்டு ஹெச்.எம். என்று எழுதியிருக்கும். தணிகாசலம் சார் சாக்பீசோடு அவளுக்குப் பதில் வகுப்புக்குப் போவார். வேலையில்லாத மனுஷன், பிள்ளைகளுக்குக் கதை சொல்லக் கிளம்பிவிட்டார் என்று ஸ்டாஃப் ரூமே சிரிக்கும்.

அவள்தான் முதலில் சிரிப்பாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு கடிதம். அனுப்புநர், தணிகாசலம்.

தலைமையாசிரியர் பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்து, மறுபடியும் கணக்கு ஆசிரியராகவே வைத்துவிடும்படி கேட்டிருந்தார்.

தேதியைப் பார்த்தாள். மறக்கிற தேதியா அது? உங்களுக்கு நிர்வாகம் என்றால் என்னவென்று தெரியுமா சார் என்று, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவள் எழுந்து நின்று கேட்ட நாள்.

மெதுவாகத் திருப்பினாள். அதே பென்சில்.

‘திங்கட்கிழமை பார்க்கலாம்.’

அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, கடைசி பீரியட் பெல் அடித்தது.

ஜெசிந்தாவின் கடிதத்தைக் கவிழ்த்துப் போட்டாள். பென்சிலைத் தேடி எடுத்து ஒரு வரி எழுதினாள். மற்றவற்றோடு வைத்து டிராயரை முழங்காலால் தள்ளி மூடினாள்.

சப்ஸ்டிடியூஷன் நோட்டை இழுத்து ஜெசிந்தாவின் பெயரை அடித்தாள். தன் பெயரை எழுதினாள். அட்டெண்டரிடம் கொடுத்து ஸ்டாஃப் ரூமில் காட்டிவிட்டு வரச் சொன்னாள்.

இரண்டு சாக்பீஸ் எடுத்துக்கொண்டு வராந்தாவில் இறங்கினாள்.

ஸ்டாஃப் ரூம் வாசலில் ஜெசிந்தா நின்றிருந்தாள். முகம் இன்னும் உர்ரென்றுதான் இருந்தது.

“அனுப்பியாச்சும்மா.”

சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தாள்.

எட்டாம் வகுப்பு வாசலுக்குப் போவதற்குள் பின்னால் ஸ்டாஃப் ரூமில் யாரோ ஏதோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் சிரித்தது ஜெசிந்தா.