பல்லி சொன்ன கொலைகாரன்

நூலகச் சுவரில் ஒட்டிக்கொண்டு பிழைக்கும் பல்லி நான். கீழே சுண்டெலியும் கரப்பானும், கடைசிப் பக்கம் கிழிந்துபோன கொலை நாவல் ஒன்றைப் படித்துவிட்டு அடித்துக்கொண்டன.

"டாக்டர்தான் கொன்னான்," என்றது சுண்டெலி.

"இல்லவே இல்ல, மாமனார்தான்!" என்றது கரப்பான்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தொண்டை கமறியது. "இச்... இச்..."

"பாத்தியா, பல்லியே சொல்லிடுச்சு!" என்று கரப்பான் குதித்தது.

சுண்டெலி அடங்கிப்போய் என்னைக் கேட்டது: "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

நான் அந்த நாவலின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. அதை எப்படி ஒப்புக்கொள்வது? "அந்த மாமனார் முழியே சரியில்லப்பா," என்றேன்.

"அவருக்குத்தான் ரெண்டு கண்ணும் தெரியாதேங்க?"

வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். தரையில் துடித்த வாலை இரண்டும் சுற்றி உட்கார்ந்து பார்த்தன.

"ஐயா என்னமோ சூசகமா சொல்லிட்டுப் போயிருக்காரு," என்றது கரப்பான்.