அனுப்புகிறவர் பெயர்

மூன்று கிரெடிட் கார்டுகளின் விவரத்தாள்களையும் கடை மேசைமேல் பரப்பிவிட்டு, வேல்விழி வழக்கம்போல லவுஞ்சிலிருந்து ஆரம்பித்தாள்.

"இந்தக் கார்டு இருந்தா ஏர்போர்ட்டுல லவுஞ்சு ஃப்ரீ, பாய். சாப்பாடு, காபி எல்லாம் சும்மாவே."

"ஏர்போர்ட்டுக்கு வாசல் எந்தப் பக்கம்னுகூட எனக்குத் தெரியாதும்மா" என்றார் சேக் தாவூது. "அடுத்ததச் சொல்லுங்க."

கம்பத்தில் திராட்சை மொத்த வியாபாரம் அவருக்கு. வயது அறுபத்திரண்டு. விமானத்தில் ஏறியதில்லை, ஏறுகிற யோசனையும் இல்லை. ஆனால் தேனியிலிருக்கும் வங்கிக்கு அவரே போன் போட்டு, செலவு செய்யச் செய்ய விமான டிக்கெட்டுக்குப் பாயிண்ட் சேருகிற கார்டு வேண்டும் என்று கேட்டிருந்தார்.

கார்டு விற்கும் வேலைக்கு வந்த ஒன்றரை வருடத்தில், வேண்டாம் வேண்டாம் என்று ஓடுகிறவர்களைத்தான் வேல்விழி துரத்தியிருக்கிறாள். கூப்பிட்டு வரவழைத்தவர் இவர் ஒருவர்தான்.

அதைவிட ஆச்சரியம், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

லாரிக்கு டீசல் போட்டால் பாயிண்ட் கிடையாது என்று தெரிந்திருந்தது. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குக் கார்டில் கட்டினால் உண்டு என்றும் தெரிந்திருந்தது. வங்கியில் சேரும் பாயிண்ட் விமானக் கம்பெனிக்கு மாறும்போது பாதியாகச் சுருங்கிவிடும் என்பதை இவள் சொல்வதற்கு முன்பே அவர் சொன்னார். பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் அத்தனையும் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்.

வருடக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கவில்லை. வட்டியையும் கேட்கவில்லை. மற்றவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது அவை இரண்டைத்தான்.

இவர் கேட்டது வேறு.

"நான் சேக்குற பாயிண்ட இன்னொரு ஆளோட விமானக் கணக்குக்கு அனுப்ப முடியுமா?"

முதல் கார்டில் முடியாது. கணக்கு சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் மட்டும் முடியும். ஆனால் அதில் பாயிண்ட் ஆமை வேகத்தில்தான் ஏறும், லவுஞ்சு கிடையாது. அந்தக் கார்டை வேல்விழி இதுவரை ஒருவர் தலையிலும் கட்டியதில்லை.

"அதையே எழுதுங்க" என்றார் சேக் தாவூது.

விண்ணப்பத்தை எடுத்து அவர் பெயரை எழுதினாள். அந்த இன்னொரு ஆள் யாரென்று கேட்காமல் போனால், திரும்பும்போது தேனி பஸ்ஸில் நிம்மதியாக உட்கார முடியாது என்று தோன்றியது.

"யாருக்கு பாய் அனுப்பப் போறீங்க?"

"மகனுக்கு. ஷானவாஸு. துபாயில இருக்கான்."

அவர் போனைத் திறந்து நீட்டினார். விமானக் கம்பெனி மாதாமாதம் பயண விவரத்தோடு அனுப்பும் மெயில். முதன்முதலாக துபாய் போனபோது மகன் தன் உறுப்பினர் கணக்குக்கு அத்தாவின் மெயிலைக் கொடுத்திருக்கிறான். அப்புறம் மாற்ற மறந்துவிட்டானா, மாற்றாமல் விட்டுவைத்தானா என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"நாலு வருசத்துக்கு முந்தி லீவுல வந்தவன, இதே கடையில ஆளுக முன்னாடி கைநீட்டிட்டேன். அதோட சரி. பெருநாளைக்கு அவுக அம்மாவுக்கு மட்டும் போன் வரும்."

வேல்விழி மெயிலைக் கீழே தள்ளிப் பார்த்தாள். போன மாதம், துபாயிலிருந்து கொச்சி. நான்கு நாள் கழித்து, கொச்சியிலிருந்து துபாய்.

"வந்திருக்காரே பாய்!" சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"கொச்சிக்கு வந்திருக்கான்" என்றார் அவர்.

கொச்சியிலிருந்து குமுளி வழியாகக் கம்பம் ஐந்து மணி நேரம். வாரத்துக்கு மூன்று லோடு அவருடைய திராட்சை அங்கேதான் போகிறது. காலையில் சரக்கை இறக்கிவிட்டு, லாரி சாயங்காலத்துக்குள் கடை வாசலுக்கு வந்துவிடும்.

வேல்விழி போனை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"மதுரைக்கு ஒரு டிக்கெட் எடுக்குற அளவுக்குப் பாயிண்ட் கிடந்தா, என்னைக்காவது இங்கிட்டு வரத் தோணும்ல?" அவர் அவளைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.

இதற்குமேல் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று அவளுக்குப் பட்டது.

"ஒண்ணு சொல்லணும் பாய். பாயிண்ட் போறப்ப, அனுப்புறவங்க பேரும் சேர்ந்து அவருக்குப் போகும். மறைக்க முடியாது."

சேக் தாவூது பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பென்சிலில் எழுதிய எதிலும் அது இல்லை. தன் பெயரைப் பார்த்ததும் மகன் என்ன செய்வான் என்று அவர் நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப எம்பேரு வேணாம்மா. லத்திபான்னு போடுங்க. கடை லைசென்ஸும் அவ பேருலதான் இருக்கு. அவுக அம்மா குடுத்தா வேணாங்க மாட்டான்."

வேல்விழி அந்த விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். லத்திபா. கையெழுத்து அந்தம்மாவே நேரில் போட வேண்டும் என்றாள்.

"வாங்க, ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தவர், கடைப்படி இறங்கியதும் நின்றார். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இந்த வருசம் லீவே குடுக்கலன்னு அவன் சொன்னத நம்பிக்கிட்டு இருக்கா. பேச்சுவாக்குல கொச்சின்னு ஒரு வார்த்த விட்டுறாதீக, தாயி."