துண்டுக்கடியில் ஒரு பேரம்

இரண்டு விரல்களின் விலை ஐந்து லட்சம். கார் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கை விரல்களை இழந்த கதிர்வேலன், அந்த நஷ்டஈட்டைக் கொடுத்து அங்கே செய்த காரையே வாங்கினான். பணம் வந்த வீட்டுக்கே திரும்பியது. வேலை போனதும் காரை விற்கச் சந்தைக்கு வந்தான். பழைய மாட்டுத் தரகர்கள்தான் அங்கே கார் தரகர்கள். விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விற்பவரின் விரலைப் பிடிப்பார்கள், விரலுக்கு ஒரு லட்சம்.

தரகர் மாரப்பன், அவன் வலக்கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களையும் பிடித்தார்.

“இன்னொண்ணு புடிங்கண்ணா. நாலு இல்லீன்னா டீக்கடை போட அட்வான்ஸ் கட்ட முடியாதுங்க.”

“புடிக்கறதுக்கு வெரல் வேணுமல்லோ தம்பி!”

கூட்டம் சிரித்தது. கதிர்வேலன் இடக்கையை நீட்டினான்.

“எடக்கை யாவாரத்துக்கு ஆகாது” என்று மாரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

வரவு மூன்று லட்சம். பாக்கி ஒரு விரல்.