பால்கனி வலை

பூனைக்குட்டி தவறி விழக் கூடாதென்று பால்கனியில் நான் கட்டிய வலையில் நானே சிக்கித் தொங்கினேன். குட்டி தருமுன் வீட்டைச் சோதிக்கக் காப்பகத்திலிருந்து வந்த பெனிட்டா, வலையைக் கத்தரியால் வெட்டி என்னை இறக்கினாள்.

"குட்டி வர்றதுக்கு முன்னாடியே மீன் ரெடி போல, சார்" என்றபடி என் மணிக்கட்டில் கருவியை வைத்தாள். வீட்டோடு ஆளையும் சோதிப்பது இப்போது வழக்கம்.

மணல் தட்டு, மெத்தை, மூடி போட்ட குப்பைக்கூடை எல்லாவற்றையும் காட்டினேன்.

"மூணாவது தடவையும் இல்லைன்னு சொல்லிடாதம்மா. சம்சாரம் போனப்புறம் எங்கூடப் பேசுறது மிக்ஸி மட்டுந்தான். வீட்டுல என்ன குறை?"

அவள் கருவியை மெதுவாகப் பைக்குள் வைத்தாள்.

"வீட்டுல குறையே இல்ல சார். குட்டி பதினஞ்சு வருஷம் உயிரோட இருக்கும். உங்களுக்கு மெஷின் ரெண்டுதான் காட்டுது."