வீரர் எப்போது இறந்தார்?

மற்ற எல்லாக் கேள்விக்கும் மயூமி மடமடவென்று பதில் சொல்லிவிட்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"வீரர் எப்போ, எப்படி இறந்தார்?" என்று மேடம் பனாலிகன் இரண்டாம் முறை கேட்டார்.

இந்த நாட்டில் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடும். விடிகாலை, மணிலா மைதானம், ஸ்பெயின்காரர்களின் துப்பாக்கி.

தேச வீரரின் வாழ்க்கையையும் எழுத்தையும் படிக்காமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. சட்டம் அப்படி.

டீச்சர் படிப்பில் மற்ற பாடங்களையெல்லாம் மயூமி ஊதித் தள்ளிவிட்டாள். இந்த வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. தேறினால் சனிக்கிழமை பட்டம், அடுத்து பள்ளிக்கூட வேலை. கோட்டை விட்டால் மறுபடியும் பனஹாவ் மலையடிவாரத்துச் சௌசௌ தோட்டம்தான்.

பதில் அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். ஜன்னலுக்கு வெளியே நிற்கிற அம்மா காதில் அது விழக்கூடாது, அவ்வளவுதான்.

அம்மா தெக்லா இன்றுதான் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கிறாள். மேடத்துக்குக் கொடுக்க வாழையிலையில் சுற்றிய சோற்றுப் பலகாரம் கையில். மேலே வெள்ளை அங்கி. அந்த அங்கியைப் பார்த்ததும் வராந்தாவில் நின்ற பையன்கள் வழிவிட்டு ஒதுங்கி, பின்னாலேயே சிரித்தார்கள்.

மலையடிவாரத்தில் வீரரையே கடவுளாகக் கும்பிடுகிற ஒரு சின்னத் திருச்சபை. அவர் சாகவில்லை, மலைக்குள் இருக்கிறார், ஒருநாள் இறங்கி வருவார் என்பது அவர்கள் நம்பிக்கை. தெக்லாதான் அங்கே பூசாரி. ஞாயிற்றுக்கிழமை அவள் கண்ணை மூடினால் குரல் தடித்து ஆண்குரல் ஆகிவிடும். வீரரே பேசுகிறார் என்று சனம் மண்டியிடும்.

மயூமியும் மண்டியிடுவாள். மனசுக்குள் ஒன்றும் இருக்காது.

வீரரின் முகம் ஒரு பெசோ நாணயத்தில் இருக்கிறது. "உங்க சாமி என் பாக்கெட்லதான்டி கிடக்குறாரு, ஜீப் சார்ஜுக்குக் குடுத்துரவா?" என்று கூடப் படிக்கிறவர்கள் சீண்டினால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். சாமியைப் பற்றிய கிண்டல் அவளைத் தொடாது. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். தான் நம்பாவிட்டால் போகிறது, அம்மா நம்புகிறாளே என்பதில் அவளுக்கு ஒரு தெம்பு இருந்தது.

இதுவரை வீரர் பிறந்த ஊர், படித்த படிப்பு, நாடு கடத்தப்பட்ட தீவு என்று மகள் சொல்லச் சொல்ல, ஜன்னல் கண்ணாடிப் பட்டைகளுக்கு அப்பால் அம்மாவின் தலை பூசையில் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. பூரித்துப்போயிருந்தாள். அந்த முகத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

மயூமி முணுமுணுத்துப் பார்த்தாள். மேடத்துக்குக் காது மந்தம். சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. மயூமி எந்த ஊர் என்று தெரிந்தவர்தான். வீரரின் எழுத்து என் மதத்துக்கு விரோதமானது என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் புத்தகத்தைப் படிப்பதிலிருந்து விலக்கு உண்டு, தேர்விலிருந்து கிடையாது என்றார். மயூமிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அந்த எழுத்தைத்தான் அவள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிப் படிக்கிறார்கள்.

பதில் இல்லை என்று குறித்துக்கொள்ளட்டுமா என்று மேடம் கேட்டார்.

ஒரு வருஷம் போகட்டும், தோட்டத்துக்கே போய்க்கொள்ளலாம். சரி என்று மயூமி தலையை ஆட்டிவிட்டாள்.

மேடம் குனிந்து கைப்பைக்குள் சிவப்புப் பேனாவைத் துழாவ ஆரம்பித்தார்.

அப்போது ஜன்னலிலிருந்து தாழ்ந்த குரல் வந்தது.

"முதுகுல சுட்டாங்க, அங்கேயே செத்துட்டாரு. சொல்லித் தொலையேன்டி."

ஞாயிற்றுக்கிழமைக் குரல் இல்லை. சந்தையில் சௌசௌவுக்குப் பேரம் பேசுகிற குரல்.

மயூமி ஜன்னல் பக்கம் சாய்ந்தாள். தனக்காகத்தான் அம்மா தன் நம்பிக்கையையே விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்தாள். வேண்டாம்மா, நீ சொல்லாதே என்று கெஞ்சினாள்.

தெக்லா மகளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பேசுறது வேற யாருன்னு நெனச்ச? நான்தான். நீ நம்புறியே, மனசு ஒடிஞ்சுபோவியேன்னுதான் உங்கிட்ட சொல்லல."

மேடம் பேனாவோடு நிமிர்ந்தார்.

மயூமி எழுந்து நின்றாள். தேதியைச் சொன்னாள். மைதானத்தைச் சொன்னாள். "செத்துட்டார், மேடம்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை. சாவு வீட்டில் அழுவதைப் போல அழுதாள்.

மேடம் பனாலிகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் இந்தப் பாடம் நடத்திய காலத்தில் வீரருக்காக ஒரு பிள்ளையும் இப்படி அழுததில்லை.

முழு மதிப்பெண் போட்டார்.