இரண்டு முனையிலும் எண்பது

பேராசிரியர் பேசப் பேச, ஆய்வுக்கூட உதவியாளருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"மின்சாரம் தடையே இல்லாம ஓடுற உலோகம் இருக்கு. சூடு அப்படி ஓடாதுன்னாங்க. என் கம்பியில ஓடுது. சூடாக்குற முனையிலும் எண்பது டிகிரி, மறுமுனையிலும் எண்பது."

என் கம்பியாம். வார்த்தது, தேய்த்தது, அளந்தது எல்லாம் உதவியாளர். ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயர் மருந்துக்கும் இல்லை.

பார்க்க வந்த விஞ்ஞானி மறுமுனையைத் தொட்டார். "சில்லுன்னு இருக்கே?"

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அதுவும் ஒரு நொடிதான். உதவியாளரைக் கைகாட்டினார்.

"இதைச் செஞ்சது, அளந்தது எல்லாமே இவர்தான் சார். கட்டுரையில இவர் பேரைத்தான் முதல்ல போடணும்."

உதவியாளருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. வயர் எட்டவில்லை என்று அளந்த அன்றைக்கு இரண்டு வெப்பமானியையும் சூடாக்கும் முனையிலேயே ஒட்டிவிட்டு, மறந்தே போயிருந்தார்.